நாற்பத்திரண்டு

இந்த ஊரில் ஆடி என்றால் குளிர்.
பெண்டில் ஹில் ரயிலடியில்
பேசுகிறவர்களின் வாயிலிருந்து புகை வருகிறது.
ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றவர்கள்
அம்மியைத்தான் நினைத்தார்கள்.
மூன்று கிலோ நூற்றைம்பது கிராமை
நினைக்கவில்லை.

கதவில் தாள் ஒட்டியிருக்கிறேன்.
சளி, இருமல் உள்ளவர்கள் பிறகு வாருங்கள்.
கை கழுவுங்கள்.
முத்தம் வேண்டாம்.
கடைசி வரியை
மூன்றுமுறை எழுதி
இரண்டுமுறை வெட்டினேன்.
அப்படி எழுதி எங்கள் வீட்டில்
யாருக்கும் பழக்கமில்லை.

குலேந்திரன் அண்ணை கன்பராவிலிருந்து
மூன்று மணிநேரம் கார் ஓட்டி வந்தார்.
கையில் காப்புப் பெட்டி,
தொண்டையில் கரகரப்பு.
"இது சும்மா தடிமன், பிள்ளை."

சும்மா.
பெரியவனுக்கும் அப்படித்தான் தொடங்கியது,
ஆறு கிழமையில்.
முதல்நாள் மூக்கு ஒழுகியது.
மறுநாள் பாதிப் பாலோடு முகம் திருப்பினான்.
மூன்றாம் நாள் இரவு
விலா எலும்புகளுக்கு இடையில் தோல்
உள்ளே போனது, உள்ளே போனது,
யாரோ உள்ளிருந்து இழுப்பதுபோல்.
வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில்
கால் பெருவிரலில் சிவப்பு விளக்கொன்று கட்டினார்கள்.
அந்த வெளிச்சத்தில்
விரலின் உட்புறம் தெரிந்தது.
எண் தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால்
இயந்திரம் கத்தும்.
அவன் கத்தவில்லை.
கத்துவதற்கு மூச்சு மிச்சமில்லை.
ஐந்தாம் நாள்
மூக்குக் குழாயைத் தானே பிடுங்கி எறிந்தான்.
அந்தக் கோபத்தைப் பார்த்தபிறகுதான்
நான் அழுதேன்.

ஆகவே அண்ணை வெளியே,
நான் உள்ளே,
நடுவில் கொசுவலைக் கதவு.
அவர் முகம் சிறுத்தது.
காப்பைத் தபால்பெட்டிமேல் வைத்தார்.
காருக்குள் போயிருந்து
வீடியோவில் கூப்பிட்டார்.
பதினைந்து அடி தூரத்தை
வானம்வரை போய்ச் சுற்றி வந்தார்.
"மூக்கு அப்பிடியே தேப்பன்தான்."
இருமல் வந்தது.
இருமும்போது போனை அப்பால் திருப்பிப் பிடித்தார்,
திரைவழியாகவும் தொற்றிவிடும் என்பதுபோல.
அந்த ஒரு திருப்பலில்
எனக்குள் இறுகியிருந்தது ஏதோ இளகியது.

பின்னால் ஒரு தும்மல்.

திரும்பினால்
அகரன் தொட்டிலுக்குள் தலையை விட்டிருக்கிறான்.
அதே குழாயைப் பிடுங்கியவன்,
மூன்று வயது,
பாலர் நிலையத்திலிருந்து நேற்றுக் கொண்டுவந்த மூக்கு.
தங்கச்சியின் நெற்றியில்
ஈரமாய், சத்தமாய், ஒன்று வைத்தான்.
கதவில் இருப்பதை
வாசிக்க அவனுக்கு இன்னும் தெரியாது.

துடைத்தேன். பிறகு நெற்றியைவிட்டு
என் இடது தோளைத் தொட்டேன்.
ஏழாம் மாதத்தில் ஊசி போட்ட இடம்.
இரண்டு நாள் சீப்பைத் தூக்க முடியவில்லை.
எனக்கென்று போட்டதல்ல அது.
கொடிவழியே இறங்கிப்போய்
முகமறியாத ஒருத்தியின் இரத்தத்தில்
காவலுக்கு இருந்தது.
பெயர் வைக்குமுன்,
சட்டை வாங்குமுன்,
நான் கொடுத்த முதல் சீதனம்.

போதுமா என்று இன்றிரவு தெரியாது.
நாளை இரவும் தெரியாது.

விளக்கை அணைக்கவில்லை.
சட்டையை விலக்கி
வயிறு ஏறி இறங்குவதை
ஒரு நிமிடம் முழுதாக எண்ணுகிறேன்.
இருபத்தாறில் ஒருகணம் நிற்கிறது.
நானும் நிற்கிறேன்.
இருபத்தேழு.
அகரன் மற்ற அறையில் இருமுகிறான்.
இருபத்தெட்டு.

போன் மினுங்கியது.
"கோல்பேர்னிலை தேத்தண்ணிக்கு நிற்பாட்டினனான்.
பிள்ளை என்ன செய்யிறாள்?"

நித்திரை, என்று எழுதினேன்.
நாற்பத்திரண்டு, என்று சேர்த்தேன்.

அவருக்கு விளங்கியிருக்காது.
பதிலுக்கு ஒரு பெருவிரலை மட்டும்
உயர்த்தி அனுப்பினார்.