ஐஸ் படாமல்

பெரியபட்டினம் சபுரா பீவிக்கு
ஒவ்வொரு கீமோவுக்கும் மறுநாள்
வயிற்றுத் தோலில் ஓர் ஊசி.
வெள்ளை அணுவை வளர்க்குமாம்.
எனக்கு இல்லை.

காப்பீட்டு அட்டைக்காரி என்பதாலா
என்று கேட்டேவிட்டேன்.
டாக்டர் கோபப்படவில்லை.
"அவர் மருந்து வேறு, உங்களுடையது வேறு.
அது நூற்றில் முப்பது பேரைச் சாய்க்கும்.
இதில் பத்துப் பேர்.
அணு இறங்கும், தானே ஏறும்.
காய்ச்சல் நூறைத் தாண்டினால் மட்டும்
விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள்."

தெற்குவாடிக்காரிக்கு இது புரியாதா.
பாம்பனில் ஒன்றாம் நம்பர் கூண்டுக்கு
யார் வள்ளத்தைக் கரையேற்றினார்கள்?
ஆனாலும் லெனிஸ்டன்
என் வளையலை அடகுவைத்த பணத்தோடு
வாசலில் நின்றிருந்தார்.
மீட்டுவிடுங்கள் என்றார் டாக்டர்.
மீட்கவில்லை.
டீசல் போட்டார்.

மூன்றாவது சுற்று, பதினோராம் நாள்.
கொண்டல் தகரத்தைத் தட்டிய இரவு
தெர்மாமீட்டரில் நூற்றொன்றரை.
பாலத்தில் ஆட்டோ ஊர்ந்தது.
ராமநாதபுரம் வரை அவர்
ஒரு வார்த்தை பேசவில்லை.
முதலில் கிருமிக்கு மருந்து, நரம்பில்.
பிறகுதான் கேள்விகள்.
அணு இருநூறு என்றாள் ரத்தம் எடுத்தவள்.
எங்கள் நண்டுக் கம்பெனியிலேயே
இருநூறு பேர் ஓடு உடைக்கிறோம்.
காய்ச்சலிலும் சிரிப்பு வந்தது.

நான்காவது சுற்றுக்கு டாக்டரே எழுதினார் ஊசியை.
"கூண்டு ஏறிவிட்டது" என்றேன்.
கோயம்புத்தூர்க்காரர், விழித்தார்.
கீமோ இறங்கி ஒரு நாள் கழித்துத்தான்;
அன்றே போட்டால்
முளைப்பதையும் அதுவே மேய்ந்துவிடும்.

லெனிஸ்டன் மீன் பெட்டியோடு வந்தார்.
அடியில் உடைத்த ஐஸ், மேலே உடைத்த ஐஸ்,
சீலாவுக்கு அடுக்குவது போல.
நர்ஸ் பதறினாள்.
குளிர்ச்சி வேண்டும், உறையக் கூடாது.
முப்பது வருடம் ஐஸை நம்பிப் பிழைத்தவர்
அன்றுதான் ஐஸுக்குப் பயந்தார்.
துண்டில் சுற்றி,
பெட்டிக்குள் அட்டை வைத்துத் தடுத்து,
மதுரையிலிருந்து பாம்பன் வரை
மடியைவிட்டு இறக்கவில்லை.

ஊசி போட்ட மூன்றாம் நாள்
இடுப்பெலும்புக்குள்
யாரோ நங்கூரக் கயிற்றை இழுத்தார்கள்.
சபுராவுக்குப் போன் போட்டேன்.
"அப்படித்தான் இருக்கும். உள்ளே ஆள் எடுக்கிறார்கள்."
"நாள் கூலியா, மாசச் சம்பளமா?"
சிரித்தாள். நிறுத்திக் கேட்டாள்,
"காய்ச்சல் பார்த்தியா?"

பார்த்தேன்.
தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு.
தெருவில் எவனோ கத்திக்கொண்டு ஓடினான்,
டோக்கன் கொடுக்கிறார்கள் என்று.
லெனிஸ்டன் என் முகத்தைப் பார்த்தார்.
போங்கள் என்றேன்.
போனை மட்டும்
சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.