இனம்

மானூருக்கு வடக்கே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி,
அதில் நான் இளநிலை உதவியாளர்.
மேசையில் இரண்டு பதிவேடுகள்,
இரண்டிலும் இனம் என்றொரு கட்டம்.

ஒன்று செலவுக்கு:
சாக்பீஸ், பெருக்குமாறு, மோட்டாருக்குச் சுருள் கட்டியது.
மற்றது பிள்ளைகளுக்கு.
நான் பேனா திறக்கும் முன்பே
மணிக்கட்டில் நிறம் பார்த்துக்
கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

போன கல்வியாண்டில், ஜூன் முதல் ஜனவரி வரை,
செவ்வாய்தோறும் ஜெபக்கனி வந்தார்.
பதினொரு பள்ளிக்கு ஒரே ஆலோசகர்.
விளையாட்டுச் சாமான் அறையில்
காற்றுப்போன வாலிபால்களை ஓரம் தள்ளி
இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்தோம்.
ஒன்றுக்குக் கால் ஆடும்,
அதில்தான் அவர் உட்காருவார்.
எட்டிப் பார்க்கிற சன்னலுக்கு
ஒரு திரை கேட்டார்.
திரைக்கு இனம் இல்லை.
சுதந்திர தின பேனரைத் திருப்பி மாட்டினேன்.

ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு, பலவேசகுமார்
மூன்று செவ்வாய் வாயே திறக்கவில்லையாம்.
நாலாவதில், பம்பு எங்கே என்று கேட்டானாம்.
சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு
உஸ்... உஸ்... என்று கேட்கும்.
நடுநடுவே ஏதோ சொல்வான்.
அது காதில் விழக்கூடாதென்று
வேலையில்லாமலே பிரிண்டரை ஓடவிடுவேன்.
நவம்பருக்குள் ஒன்பது பந்து எழும்பிவிட்டன.

பிப்ரவரியில் கடிதம்:
திட்டக் காலம் முடிவுற்றது.
நீட்டிப்பு ஆணை எதிர்நோக்கப்படுகிறது.
ஜெபக்கனிக்கு நாலு மாதச் சம்பளம் பாக்கி,
மாதம் பன்னிரண்டாயிரம்.
நினைவூட்டு ஒன்று, இரண்டு, மூன்று,
மூன்றையும் நான்தான் தபாலில் சேர்த்தேன்.

"நாளைக்குச் செவ்வாக்கிழமைதான சார்,
டீச்சர் வருவாவளா?"
"ஆர்டர் வரணும்லே."
ஏழெட்டுத் தடவை கேட்டிருப்பான்.
பிறகு கேட்கவில்லை.
கேட்காததை நான் கவனித்தேன்.
அதை எந்தப் பதிவேட்டில் ஏற்ற?

ஆகஸ்ட். பஸ் நிறுத்தம்.
சீட்டுக்காக ஒரு சொல், கயிற்றைப் பற்றி ஒரு சொல்.
பைக்குள்ளிருந்து வந்தது
பாடப்புத்தகம் இல்லை.
ஜோயல் துரைக்கு இடது கையில்
மூன்று விரல் இன்னும் மடங்கவில்லை.
அவனும் செவ்வாய்ப் பட்டியலில் இருந்தவன்,
பலவேசத்துக்கு அடுத்த முறை அவனுடையது.

அப்புறம் பணம் வந்த வேகத்தைப் பார்க்கணுமே.
பதினாறு கேமரா.
சுற்றுச்சுவர் இன்னும் நாலடி.
பைகளைக் கவிழ்த்துப் பார்க்க இரண்டு பேர்.
வாசலில் வேன், டீசலோடு.
எல்லாவற்றுக்கும் இனம் இருந்தது, எண் இருந்தது,
வவுச்சரில் ஒட்டும் ஸ்டாம்புக்குக்கூட.
ஒரு மதியம் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன்,
அது எத்தனை செவ்வாய்க்கிழமை என்று.
வந்த எண்ணை அழித்துவிட்டேன்.
சொன்னால் என் கணக்கில் பிழை தேடுவார்கள்.

இன்று பாளையங்கோட்டை போனேன்,
பத்தாம் வகுப்பு நுழைவுச் சீட்டோடு.
ஜங்ஷனில் பஸ் மாறி,
ஆற்றுப் பாலத்து நெரிசலில் கால்மணி நேரம்
சீட்டு கசங்காமல் பிடித்தபடி நின்று,
கூர்நோக்கு இல்லம்.

அங்கே ஆலோசனை அறை இருந்தது.
சன்னலுக்குத் திரை, தலைக்கு மேல் விசிறி,
கால் ஆடாத நாற்காலிகள்.
தினமும் ஆள் வருகிறாராம்.
உள்ளே வந்துவிட்டால்
இனம் உண்டு போல.

கையெழுத்துப் போட்டான்.
மணிக்கட்டில் கயிறு கிடந்த இடம் மட்டும்
வெளுத்திருந்தது.
"ஜோயல் பரிச்ச எழுதுவானா சார்?"
"எழுதுத கை நல்லாத்தான் இருக்கு."
தலையாட்டினான். வெகுநேரம் ஆட்டினான்.

கிளம்பும்போது கேட்டான்:
"அந்தப் பந்தெல்லாம்?"

ஒன்பதும் சப்பிப் போய்
மூலையில் கிடப்பதைச் சொல்ல
நாக்கு எழும்பவில்லை.

"பம்பு இருக்குலே" என்றேன்.