நூலாம்படை

எழுத்துருவுக்கு நான் வைத்த பெயர் நூலாம்படை.
விற்பவர்கள் மதுமிதா என்று மாற்றிக்கொண்டார்கள்.
இருநூற்று நாற்பத்தேழும் என் கை.
வில்லாபுரத்து மாடியில்
மின்விசிறியை நிறுத்திவிட்டு எழுதியவை.
தாள் அசைந்தால்கூட
ழகரத்தின் வால் நடுங்கிவிடும்.

அது ஒரு மாதிரியான ஆள்.
சத்தம் போடத் தெரியாது.
பன்னிரண்டு பாயிண்டுக்குக் கீழே போனால்
மூச்சை அடக்கிக்கொள்ளும்,
எட்டில் காணாமலே போகும்.
ணகரத்தின் மூன்று சுழியில்
நடுச்சுழி மட்டும் மூடாது;
என் விரலின் பழக்கம், திருத்தவில்லை.
மெய்யின் புள்ளி வட்டமாக இராது,
பேனா பட்டும் படாமலும் போன இடம்.

சிம்மக்கல் அச்சகத்தில் ஞானதுரை
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்:
"கையெழுத்து சரிம்மா. தலைப்பெழுத்துக்கு ஆகாது.
காளவாசல் ஃபிளெக்ஸுல அண்ணன் பேரை இதுல போட்டா
அண்ணனே தேடுவாரு."

உண்மைதான்.
இந்த ஊர்ச் சுவர் கேட்பது தோள் உள்ள எழுத்து,
பசை வாளிக்கும் ஆட்டோ புகைக்கும் அஞ்சாதது.
நூலாம்படை போன இடங்கள் வேறு.
காதணி விழா அழைப்பில் குழந்தையின் பெயர்
(தாய்மாமன்கள் எல்லாரும் தடித்த எழுத்தில்தான்),
அண்ணாநகரில் ஒரு கேக் கடைப் பெட்டி,
சுங்குடிச் சேலையின் விலைச்சீட்டு,
பல் மருத்துவர் ஒருவரின் 'மீண்டும் வருக'.

பதினாறாம் நாள் அட்டை ஒன்றிலும் பார்த்தேன்,
தத்தனேரிப் பக்கம், யாரோ ஒரு பேச்சியம்மாள்.
அவரை நான் அறியேன்.
'ஆழ்ந்த துயரத்துடன்' என்று
என் கைதான் எழுதியிருந்தது.
கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

போன வியாழன் ஒரு தபால்.
டவுன்ஹால் ரோட்டு நிதி நிறுவனம்.
'அன்புள்ள வாடிக்கையாளருக்கு,
தங்கள் தவணை மூன்று மாதமாக நிலுவை.'
கணினிக்கு வாங்கிய கடன்.
அந்தக் கணினியில்தான் இந்த எழுத்தைச் செய்தேன்.
யாரோ ஒரு மேலாளர் யோசித்திருக்கிறார்,
கையால் எழுதினாற்போல் இருந்தால்
கடன்காரன் கடைசிவரை படிப்பான் என்று.
படித்தேன். இரண்டு முறை.
'சட்ட நடவடிக்கை'யில்
டகரத்தின் மெலிந்த மூலையைப் பார்த்தால்
காதல் கடிதம் என்றே தோன்றும்.
எனக்கு நானே எழுதிய மிரட்டலை
எந்த வக்கீலிடம் காட்டுவது?

கீழே ஒப்புதலுக்கு ஒரு கோடு.
மை கக்கும் பால்பாயிண்ட் பேனாவால்
கையெழுத்திட்டேன்.
இரண்டும் ஒரே ஆளின் கை என்று
கோர்ட்டில்கூட நிரூபிக்க முடியாது.

அப்புறம்தான் கண்ணில் பட்டது.
'தவணை'யில் தகரத்துக்கும் வகரத்துக்கும் நடுவே
மயிரிழை அளவு இடைவெளி கூடுதல்.
மூன்று வருடமாக அப்படியே இருந்திருக்கிறது,
எத்தனை பேர் வீட்டுத்
'தவறாமல் வருகை தந்து'வில்.

மணி பதினொன்று.
மின்விசிறியை நிறுத்தினேன்.
பணத்தைத் திங்கட்கிழமை பார்க்கலாம்.