நாற்பது மில்லிமீட்டர்

கொருக்குப்பேட்டையில்
ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
இருபதடித் தெரு ஒன்றுக்கு நான் பொறுப்பு.
ஆர்டரில் இருந்தது இவ்வளவுதான்:
பழைய தாரைச் சுரண்டி எடு,
பிறகு நாற்பது மில்லிமீட்டர் போடு.

சுரண்டும் மிஷின் வரவில்லை.
தார் வந்துவிட்டது,
இரவு ஒன்றரை மணிக்கு, புகையோடு.
சூப்பர்வைசர் ஜெயசீலன் டீ வாங்கிக் கொடுத்தார்.
"எப்பவும் இப்படித்தான் மேடம்.
மேல மேல போட்டுக்கினே போவோம்.
ஊரு வளருதுல்ல?"

வளர்ந்ததை டார்ச் அடித்துப் பார்த்தேன்.
தெருமுனையில் புது அடுக்குமாடி,
நாலடி மேடை போட்டு எழுப்பியது.
இன்னும் பத்து ரோடு வந்தாலும் தாங்கும்.
பதினேழாம் நம்பரில்
ஜன்னல் என் முழங்காலுக்கு இருந்தது.
மின்மீட்டரைக் குந்தி உட்கார்ந்துதான் படிக்கவேண்டும்.
வாசலுக்கு இரண்டு படி.
இரண்டும் கீழ்நோக்கி.

எஸ்தர் கலா கதவைத் திறந்தாள்,
ஹார்பர் கேன்டீனில் ஷிப்ட் முடித்து
அப்போதுதான் வந்தவள்.
"கல்யாணமாயி வந்தப்ப
ரெண்டு படி ஏறித்தான் உள்ள வந்தேன்.
நாங்க எங்கயும் போவல மேடம்.
தெருதான் ஏறிப்போச்சு."

எம்-புக்கை மூடிவிட்டேன்.
கையெழுத்து இல்லையென்றால் பில் இல்லை.
லாரி திரும்பிப் போனது.
ஆறினால் தார் வெறும் கல்,
விடிவதற்குள் எங்காவது
யாருடைய வாசலிலாவது கொட்டியிருப்பார்கள்.
அதை நான் விசாரிக்கவில்லை.

காலையில் தெருவே என்னை வளைத்துக்கொண்டது.
வர்ற ரோட்டை நிறுத்த நீ யாரு?
இந்தக் குழியில ஆட்டோ வரமாட்டேங்குது,
டயாலிசிஸுக்கு எங்கண்ணனை
நாற்காலியோட தூக்கிக்கினு போறோம்
மெயின் ரோடு வரைக்கும்.
அண்ணா நகர்ல இப்படி நிறுத்துவியா?
எஸ்தர் கலாவும் அந்தக் கூட்டத்தில் நின்றாள்.
என்னைப் பார்க்கவில்லை.

நான் சொல்ல வைத்திருந்தது
மட்டம், சாய்வு, வடிகால் வாய்.
எல்லாம் சரியான சொற்கள்.
நாற்காலியோடு அந்த ஆளின் எடை
அவற்றில் எதிலும் இல்லை.

பத்தொன்பதாம் நாள் மிஷின் வந்தது.
தகடு தகடாகப் பெயர்ந்தது தெரு.
நசுங்கிய சோடா மூடி,
சைக்கிள் செயின்,
ஏதோ ஒரு தேர்தலின் பாதிச் சின்னம்,
அதற்கும் கீழே இன்னொரு கறுப்பு.
ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு பில் உண்டு,
ஒவ்வொரு பில்லிலும்
'சுரண்டியபின் போடப்பட்டது' என்று ஒரு கையெழுத்து.
ஆபீஸில் போய்த் தேடினேன்.
கடைசிக் கையெழுத்து பக்கத்து மேஜைக்காரருடையது.
மதியம் அவர் மாவடுவை நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.

பாதித் தெரு முடிந்தபோது
மிஷினை வேறெங்கோ கூப்பிட்டுவிட்டார்கள்,
பெரிய சாலை, தேதி குறித்த திறப்பு விழா.
பதினேழாம் நம்பருக்கு
ஒரு படி வெளியே வந்திருந்தது,
பல் முளைத்த மாதிரி.
அதில் ஒரு செருப்பு ஜோடி.

ஐப்பசியில் தெரிந்தது நான் செய்தது.
சுரண்டாத பாதியின் தண்ணீரெல்லாம்
சுரண்டிய பாதிக்கு இறங்கி வந்தது.
அடுக்குமாடியின் தண்ணீரும்.
வெளியே வந்த படி
மறுபடி உள்ளே போனது.

அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன்.
மீதிப் பாதிக்காக நான் எழுதிய கடிதங்களின்
தேதிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.
"இன்னும் எவ்ளோ மேடம்?"
தண்ணீரையா கேட்டாள், நாளையா,
தெரியவில்லை.
கோலில் இருந்ததைப் படித்தேன்:
முந்நூற்றுப் பத்து.

எஸ்தர் கலா உள்ளே போய்
மகனின் க்ரேயானை எடுத்து வந்தாள்.
ஜன்னலுக்கு மேலே, காய்ந்த சுவரில்
முந்நூற்றுப் பத்து என்று எழுதி,
தேதி போட்டு,
க்ரேயானை என்னிடம் நீட்டினாள்,
கீழே கையெழுத்துப் போடச் சொல்லி.