முதுகு ஜிப்

பிப்ரவரி. தண்ணீர் ஆறு டிகிரி.
ஸ்காட்லாந்தின் மலைகளுக்குள்
நாக்கை நீட்டிக் கிடக்கிறது கடல்.
அதன் ஓரமாகத் தார்ச்சாலை,
சாலையோரம் இரண்டு கார்கள்.
முன்பு ஒன்றுதான்.

டூகல் அவன் டிக்கியைத் திறக்கிறான்,
நான் என்னுடையதை.
சிலிண்டர், ஈயக்கட்டி, துடுப்பு.
உடுப்பின் ரப்பர்க் கழுத்துக்குள் தலையை நுழைக்கையில்
காதோரம் பத்து முடி போகும், எப்போதும்போல.

வீட்டைப் பிரித்தோம்.
நாய்க்கு வாரம் மாற்றி வாரம்.
படகை விற்றுப் பாதிப் பாதி.
வக்கீல்களின் நாற்பது பக்கத்தில் வராமல் போனது
இந்த ஜிப் மட்டும்:
தோளிலிருந்து தோளுக்கு, முதுகின் குறுக்கே,
என் கை எட்டாத இடத்தில்.

"திரும்பு" என்கிறான்.
திரும்புகிறேன்.
மெழுகு தேய்த்த பற்கள்
ஒன்றையொன்று கடித்துக்கொண்டு போகும் சத்தம்.
கடைசி இரண்டு அங்குலத்துக்கு
அவன் மூச்சை அடக்குவான்.
பிறகு தோளில் இரண்டு தட்டு.
அது வெறும் பழக்கமா என்று
நான் திரும்பிப் பார்த்ததில்லை.

அவன் காரின் கண்ணாடி இறங்குகிறது. இஷ்பெல்.
பிளாஸ்கைத் தூக்கிக் காட்டி
"சூப் இருக்கு, ரெண்டு பேருக்கும்" என்கிறாள்.
நல்லவள்.
அதுதான் எரிச்சல்.

வழுக்குப் பாசி, உருளும் கல்,
முதுகில் முப்பது கிலோ.
நடக்க நடக்க வயதாகிறது.
இடுப்பளவு நீரில் எல்லாம் கழன்று லேசாகிறோம்.
முகத்துக்கு மட்டும் மன்னிப்பில்லை,
நெற்றியில் ஆணி வைத்து அழுத்துகிறது குளிர்.
எண்பதுவரை எண்ணினால் மரத்துவிடும்.
போன வருடம் முழுக்க
எண்பது எண்பதாகத்தான் எண்ணினேன்.

மேலடுக்கு மலைமழை, தேயிலைச் சாயம்.
எட்டு மீட்டரில் அது எண்ணெயாக நெளிந்து விலக
அடியில் கறுப்பு, கண்ணாடிபோல.
டார்ச் பட்ட இடம்தான் உலகம்.
சேற்றில் கடற்பேனாக்கள்,
எழுத ஆளில்லாமல் நிமிர்ந்து.
யாரோ எறிந்த கழிப்பறைக் கிண்ணத்தில்
ஒரு விலாங்கு குடித்தனம் நடத்துகிறது.
இடுக்கியைத் தூக்கி "வா பார்க்கலாம்" என்றபடியே
பின்னால் போகும் குட்டை நண்டுகள்.
எங்கள் சண்டைகளும் அப்படித்தான் இருந்தன.

பதினெட்டு மீட்டரில் அவன் மூச்சுக்குழல் உறைந்தது.
அடைக்கவில்லை; கொட்டியது.
குமிழிகளின் அருவி, தலைகீழாக,
நடுவில் அவன் முகத்தைக் காணோம்.
என் உபரிக் குழலை நீட்டினேன்.
வாங்கிக் கடித்தான்.
அவன் முதுகுக்குப் பின்னால் கைவிட்டு
சிலிண்டர்த் திருகை மூடினேன்.
அதற்கு அவன் கை எட்டாது.

சத்தம் நின்றது.
ஒரே காற்று, இரண்டு வாய்.

கட்டைவிரல் மேலே என்றால் இங்கே வெற்றி இல்லை,
போகலாம் என்று அர்த்தம்.
போனோம், ஒருவர் பட்டையை ஒருவர் பிடித்து.
ஆறு மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும்,
கடலின் சட்டம்.
விரலை வளைத்து வட்டம் காட்டினான்.
நலமா என்பதற்கும் நலம் என்பதற்கும்
நீருக்கடியில் அந்த ஒரே வட்டம்.
கேட்டானா சொன்னானா தெரியவில்லை.
நானும் அதையே காட்டினேன்.

கரையில் இஷ்பெல், கம்பளித் தொப்பியோடு.
"எப்படி இருந்தது?"
"தெளிவு சுமார்" என்றான்.
"விலாங்கு பார்த்தோம்" என்றேன்.
அவன் விரல்கள் நீலம் பாரித்து மடங்க மறுத்தன.
"நான் திறக்கட்டுமா?" என்று
அவளே என் பின்னால் வந்து நின்று
ஜிப்பைப் பிடித்து இழுத்தாள்.
அசையவில்லை.

"அந்தப் பக்கம் இல்லை" என்றோம்
இருவரும், ஒரே நேரத்தில்.

சூப்பில் உப்பு அதிகம்.
இருவருமே சொல்லவில்லை.