உள்ளிருந்து விண்ணப்பிப்பவள்

நேர்காணல் நாளை ஒன்றரைக்கு.
இரண்டு பத்துக்கு என் டிராம்.
நடுவில் உடை மாற்ற நேரமில்லை.
போஸ்னானில் பனி சேறாகும் மாதம்.
கட்டில் முழுக்கத் துணி,
பூனைக்கு மட்டும் கொண்டாட்டம்.

வெளியாள் என்றால் இத்தனை யோசனை வேண்டாம்.
வெளியாள் கோட்டு மாட்டி வருவான்,
கோட்டுதான் அவன் என்று நம்பிவிடுவார்கள்.
என்னைக் கேள்வி கேட்கப்போகும் மூவரும்
அதிகாலை நாலரைக்கு என்னைப் பார்த்தவர்கள்:
காதுவரை இழுத்த கம்பளித் தொப்பி,
காசை விழுங்கிய காபி எந்திரத்தை
இடுப்பால் இடித்துக்கொண்டு.
லெஷெக் என் கிழிந்த கையுறைக்கு
ஒட்டுநாடா சுற்றிவிட்டிருக்கிறார்.

ஆள் பாதி, ஆடை பாதி.
ஆள் பாதியைப் பதினோரு வருடமாகப் பார்த்தாயிற்று,
மிச்சத்துக்குத்தான் இந்த அல்லாட்டம்.

சீருடையிலேயே போனால் அக்கறையில்லை என்பார்கள்.
பட்டுச் சட்டையில் போனால்
பணிமனை மொத்தமும் கேட்கும்
யாருக்குக் கல்யாணம் என்று.
வேலை கிடைக்காமல் போனால்
அந்தச் சட்டையைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள்,
வசந்தம் முடியும்வரை.

பச்சை, இடுப்பில் ஏறவில்லை.
பூப்போட்டது தங்கையுடையது,
திருப்பித் தந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன்.
சாம்பல் நிறத்தை மாட்டிக்கொண்டு திரும்பினேன்.
கிங்கா, பதினாலு வயது,
கதவில் சாய்ந்து ஆப்பிள் கடித்தபடி சொன்னாள்:
"டிக்கெட் பரிசோதகர் மாதிரி இருக்கிறாய்."
எங்கள் வீட்டில்
அதைவிடப் பெரிய வசை கிடையாது.

மிஞ்சியது கறுப்புக் கோட்டு.
நல்ல தையல், தோளில் வாகாக உட்காரும்.
ஒரே ஒருமுறை போட்டது
நவம்பரில், ஸெனோனைப் புதைத்த அன்று.

நான் கேட்கப் போவது ஸெனோனின் நாற்காலி.
கட்டுப்பாட்டு அறையில், ஜன்னலோரம்,
முதுகு சாய்ந்த இடம் மட்டும் பளபளத்துப் போனது.
அங்கிருந்துதான் அவர் குரல் வரும்:
"பதினொன்று, மெதுவாக. பாலத்தில் உறைபனி."
பதினொன்று நான்தான்.
கல்லறை வாசலில் இந்தக் கோட்டோடுதான்
மூவருக்கும் கை கொடுத்தேன்.
அதையே மாட்டிக்கொண்டு போய்
அவர் இடத்தை எனக்குத் தாருங்கள் என்பதா?
போட்டேன், கழற்றினேன்.
பைக்குள் இன்னமும் கிடந்தது,
மழையில் நமுத்து
அன்று மெழுகுவர்த்தி ஏற்றாத தீப்பெட்டி.

நள்ளிரவு தாண்டி ஒரு வழியாக:
சீருடைக் கால்சட்டை, மடிப்பு விழத் தேய்த்தது.
வெள்ளைச் சட்டை.
மணிக்கட்டில் அறுந்த பொத்தானுக்குக்
கோட்டின் உட்புறம் தைத்திருந்த உபரிப் பொத்தான்.
நிறம் சேரவில்லை,
கையை மடித்துவிட்டால் தெரியாது.
ஷூ மட்டும் புதிது.
ஷூவை யார் பார்க்கப் போகிறார்கள்.

ஒன்றரை. கதவைத் திறந்தேன்.
லெஷெக் டை கட்டியிருந்தார்.
கிரீஸ் படிந்த மப்ளர் இல்லாமல்
அவர் கழுத்தை அன்றுதான் பார்க்கிறேன்.
முடிச்சு இடது காதை நோக்கிக் கோணியிருந்தது.
யட்விகா உதட்டுச்சாயம் பூசியிருந்தாள்,
பல்லிலும் கொஞ்சம்.
மூன்றாமவர் கோப்பைவிட்டு நிமிரவில்லை,
அவரிடமிருந்து புதுச் சட்டையின் கஞ்சி வாசனை.

"உட்காருங்கள்" என்றார் லெஷெக்.
நேற்றுவரை "உட்காரு"தான்.
சிரிப்பு வந்துவிடுமோ என்று
நானும் அவரும் கடிகாரத்தைப் பார்த்தோம்.
அது எப்போதும்போல் நாலு நிமிடம் தாமதம்.

முடிவு அடுத்த வாரமாம்.

இரண்டு பத்து கிளம்பிவிட்டது.
பாலத்துக்கு முந்தைய வளைவு, ஈரத் தண்டவாளம்.
புது ஷூவால் மணல் மிதியை அழுத்துகிறேன்,
சக்கரத்துக்கு முன்னால் சரசரவென்று கொட்டுகிறது.
குதிகால் கடிக்கிறது.
வானொலியில் தற்காலிகமாக வந்த பையன்:
"பதினொன்று, எங்கே இருக்கிறீர்கள்?"
பாலத்தில், என்கிறேன்.
மெதுவாக.