கிடந்தேன் என்பதற்கு

டோல்கேட் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே
ஜெராக்ஸ் இரண்டு ரூபாய், டைப்பிங் பக்கத்துக்கு இருபது,
தமிழிலிருந்து இங்கிலீஷ் என்றால் நாற்பது.
அந்த நாற்பதுக்கு நான்தான்.
பி.காம்., தபால் வழி.

தேசிங்கு வந்தபோது மழை விட்டிருந்தது.
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டிக்காக
முக்கால் மணி நேரம் நின்றாராம்,
புது ஊன்றுகோலோடு.
மணலியில் ஏதோ குடோன்.
அடுக்கு சரிந்து இடுப்புக்குக் கீழே முழுக்க மூட்டை.
ராத்திரி பத்திலிருந்து ஒரு மணி வரைக்கும்
அந்தப் பக்கம் யாரும் வரவில்லை.
"கெடந்தேம்மா. அப்டியே கெடந்தேன்.
மூணு அவரு கெடந்தேன்னு எய்து."

எழுதினேன்.
கிட என்றால் லை.
கடந்த காலத்துக்கு ஒரு டி சேர்த்தால் ஆயிற்று.
ஐ லைடு ஃபார் த்ரீ அவர்ஸ்.
மெஷின் சூடாகத் துப்பிய தாளில்
கையெழுத்தைத் தமிழில் போட்டார்,
கடைசி கு-வுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து.

பதினாறு நாள் கழித்து கம்பெனிக் கடிதம்.
"படிச்சி சொல்லு."
முதல் மூன்று பத்தியும் மரியாதையாக இருந்தது.
நான்காவது:
தாங்கள் மூன்று மணி நேரம் பொய் சொன்னதாகத்
தாங்களே எழுதி ஒப்பமிட்டிருப்பதால்

அதற்குமேல் வாய் வரவில்லை எனக்கு.
எழுதியவனுக்குத் தெரியும்.
தெரிந்துதான் எழுதியிருக்கிறான்,
ஏசி சத்தத்தில்,
சிரித்துக்கொண்டுகூட.

தேசிங்கு யோசித்தார்.
"மூணு மணி நேரமா?
அவ்ளோ நேரம் இன்னாத்த பொய் சொல்றது?
ஆளே இல்லியேம்மா அங்க."
அப்புறம், வெளியே போகிற 56-ஐப் பார்த்துக்கொண்டு,
"ஸ்டான்லில எம் பொண்ணு கேட்டப்ப
வலிக்கலன்னு சொன்னேன்.
அது ஒண்ணுதான்."

லை, லே, லெய்ன்.
அந்தப் பட்டியலை எத்தனை பிள்ளைகளுக்கு
நானே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்,
கண்ணாடிமேல் முகம் கவிழ்த்து,
மூடியை அழுத்தி,
பச்சை வெளிச்சம் ஒருமுறை ஓடி முடிக்கும்வரை
வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

பொய் சொல்லியும் கீழே கிடந்தவனும்
அந்த ஊரில் ஒரே வாசல்படி.
நேற்று என்று வந்தால்தான் பிரிவார்கள்.
பொய்யனுக்கு விதிப்படி வால் முளைக்கும்.
கிடந்தவன் மட்டும் விதிக்கு வெளியே.
லே.
திருநெல்வேலிக்காரர் தம்பியைக் கூப்பிடுகிற மாதிரி.
கோழி இன்றைக்கு முட்டை இடுவதற்கும் இதே லேதானாம்.
சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.
நம்முடையதில் பொய்யையும் கிடப்பையும்
எந்தக் குடிகாரனும் குழப்பமாட்டான்.
கிடந்தேன் என்று சொல்லும்போதே
இடுப்பு கனக்கிறது.

மறுபடி அடித்தேன்.
ஐ லே ஃபார் த்ரீ அவர்ஸ்.
அதன் கீழே, அடித்தவர் பிழை என்று
என் பெயர், கடையின் பெயர்,
ஓனர் பார்த்தால் என்ன சொல்வாரோ, போன் நம்பர்.
கம்பெனி நம்பும் என்று நான் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.
நாற்பது ரூபாயை மேஜையில் வைத்தார்.
தள்ளினேன். திரும்ப வைத்தார்.
சில்லறை பத்து, ஈரமாக.

"எந்த எடத்துல கீது அது, காட்டு."
விரல் வைத்துக் காட்டினேன்.
கண்ணாடி இல்லாமல் தாளை
முகத்துக்கு நெருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.
"மூணே எய்த்தா?"
மூணுதான்.
"அவரு பூராத்துக்கும்
தம்மாத்தூண்டு வார்த்த."

ரிஜிஸ்டர் தபாலுக்கு நேரமாகிவிட்டது.
ஊன்றுகோல் படியில் ஒருமுறை வழுக்கி
நின்றது.